லண்டனில் கொடி பிடித்த டாக்டர்

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஹைகிரவுண்டில் டாக்டருக்குப் படித்தவன். கல்லூரிக் கால்பந்து அணியில் ஸ்டாப்பர் பேக், அதாவது பின்வரிசையில் நின்று தடுக்கிறவன். சாயங்காலம் முழுக்க மைதானம், ராத்திரி முழுக்க புத்தகம். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள், “ஏல, பந்தா படிப்பா, ஒண்ணைச் சொல்லிப்போடு” என்று கேட்டுவிட்டார். பதில் சொல்லத் தெரியாமல் விடுதிக்குத் திரும்பினேன். மூத்த மாணவர் ஒருவரிடம் புலம்பியபோது அவர் ஒரு பெயரைச் சொன்னார். டாக்டர் தலிமெரன் ஆவோ. இந்தியாவே டி. ஆவோ என்று அழைத்த கால்பந்து ஆட்டக்காரர். அன்று கேட்ட பெயரை இன்றுவரை நான் விடவில்லை.

1918-ல் நாகா மலையில், இன்றைய நாகாலாந்தில், சாங்கி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா ஊழியக்காரர், போதகர். பிள்ளைகளுக்குத் துணிப்பந்துதான் பந்து. நம் பக்கத்துப் பிள்ளைகளும் கிழிந்த துணியைச் சுருட்டி, மேலே சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டித் தெருவில் ஆடியவர்கள்தானே? அதனால் அந்தப் பந்து எப்படித் துள்ளும், எங்கே துள்ளாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1935-ல் அப்பா டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். மகன் டாக்டராகி நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கு அப்போது 17 வயது. அந்தக் காலத்தில் டைபாய்டுக்கு மருந்து கிடையாது. நல்ல கஞ்சி, ஈரத்துணி, அப்புறம் ஆண்டவன் விட்ட வழி. குளோராம்ஃபெனிகால் என்ற மருந்து டைபாய்டைக் கேட்கும் என்று 1948-ல்தான் நோயாளிகளிடம் கொடுத்துக் கண்டறிந்தார்கள். இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படித்துவிட்டு, கொல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1943-ல் அந்த ஊரின் பெரிய கால்பந்து அணியான மோகன் பகான் அவரைச் சேர்த்துக்கொண்டது. தடுத்து ஆடுகிறவர். பின்னால் நிற்பவன் ஆட்டம் முழுவதையும் முன்னால் வைத்துப் பார்க்கிறான். பந்து வருவதற்கு முன்பே அது வரும் இடத்துக்குப் போய் நிற்கிறான். நன்றாகச் செய்தால் யாரும் கை தட்ட மாட்டார்கள், ஏனென்றால் அங்கே ஒன்றுமே நடந்திருக்காது. ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வேலையின் அருமை தெரியும்.

சரி, 1948-க்கு வருவோம். சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கொடியைப் பிடித்து நடந்தவர், கால்பந்து அணியின் தலைவர் டி. ஆவோ. 30 வயது. இன்னும் டாக்டர் பட்டம் வாங்கவில்லை! துணைத் தலைவர் சைலன் மன்னா, அவரும் பின்வரிசைதான்.

ஜூலை 31-ம் தேதி, லண்டனின் இல்ஃபோர்டு பகுதியில் பிரான்ஸோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் கட்டு மட்டும் சுற்றி, வெறுங்காலோடு இறங்கினார்கள். முதல் கோல் பிரான்ஸுக்கு. 70-வது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் திருப்பி அடித்தார். பெயரைக் கேட்டதும் காது நிமிர்கிறது, இல்லையா? ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டும் வீண். கடைசி நிமிஷங்களில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. பின்வரிசையில் ஆடியவன் என்பதால் சொல்கிறேன்: 89-வது நிமிஷத்தில் வாங்கும் கோல் ராத்திரி தூங்கவிடாது.

பூட்ஸ் ஏன் போடவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம். “எங்கள் நாட்டில் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்” என்று ஆவோ சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அழகான பதில்தான். ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்த ஒரு பதிலோடு நிறுத்திவிடுவது எனக்கு மனவருத்தம். வெறுங்காலைப் பெருமையாகவே பேசிக்கொண்டிருக்கவும் முடியாது. நாலு வருஷம் கழித்து ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிரில், யூகோஸ்லாவியா நமக்கு 10 கோல் அடித்தது. அதன் பிறகு பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது. அது சரியான முடிவு.

இங்கிலாந்தில் ஆர்சனல் அணி அவரைக் கூப்பிட்டது, படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அப்பா இறந்து 15 வருஷம்.

அப்புறம் அவர் கொல்கத்தாவில் தங்கவில்லை. மோகன் பகான் பெயரை வைத்தே ஊருக்குள் நல்ல பிராக்டிஸ் பிடித்திருக்கலாம். அசாமின் திப்ருகரில் கொஞ்ச காலம், பிறகு கோஹிமா அரசு ஆஸ்பத்திரி. 1950-களின் நாகா மலையை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்ட காலம், பல கிராமங்களுக்கு ரோடு கிடையாது, பிரசவ வலியில் ஒரு பெண்ணைத் தூக்கி வந்தால் மலை மலையாக இறங்கி ஏற வேண்டும். அங்கேதான் அவர் தன் மீதி உழைப்பு முழுவதையும் கொடுத்தார். 1963-ல் நாகாலாந்து மாநிலமானது. அதன் சுகாதாரத் துறை இயக்குநராக இருந்து 1978-ல் ஓய்வு பெற்றார். 1998-ல், 80 வயதில் காலமானார். 2018-ல் தபால்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. மைதானத்தில் அவர் நின்றது பத்து வருஷம். ஆஸ்பத்திரியில் கால் நூற்றாண்டு. நாம் முதல் கணக்கை மட்டும் வைத்திருக்கிறோம்.

படிப்பு முடித்து, தாமிரபரணிக் கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மழைக்கு அப்புறம் டைபாய்டு வரும். ஒரு தடவை 17 வயசுப் பையன் அவனுடைய அப்பாவைக் கூட்டி வந்தான். ஏழெட்டு நாள் காய்ச்சல், நாக்கு வறண்டு, பிதற்றல். குளோராம்ஃபெனிகால் கொடுத்தோம். நாலாவது நாள் காலையில் காய்ச்சல் விட்டது. பையன் வராந்தாவில் உட்கார்ந்து, அப்பாவுக்காக இட்லி வாங்கி வைத்துக்கொண்டு, “எப்போ சாப்பிடக் கொடுக்கலாம் ஐயா?” என்று கேட்டான். “இப்பவே கொடுப்பா” என்றேன்.

வணக்கம்.