கைதான அன்றே ஒரு வக்கீல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, சட்டக் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, வழக்கறிஞர் சங்கச் செயலாளர் அவர்களே, மாணவத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். நீதிபதி ஐயா முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்திருக்கிறார். அவர் முன்னால் வாதாடிய காலத்தில் ‘சுருக்கமாகச் சொல்லுங்கள்’ என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். இன்று அவரால் அப்படிச் சொல்ல முடியாது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். செயலாளருக்குத் தனி நன்றி. தலைப்பைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் அழைப்பிதழில் அப்படியே அச்சடித்தார்.

நவம்பர் 9 சட்டப் பணிகள் நாள். ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி கிடைக்க 1987இல் நிறைவேறிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995இல் இதே தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். பாலியல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் ஆஜராவது சரியா என்பது ஒன்று. பாதிக்கப்பட்டவரை நோகடிக்காமல் குறுக்கு விசாரணை செய்வது எப்படி என்பது இரண்டு. விடுதலையானவர் ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகிறது என்பது மூன்று.

என் சீனியர் ஜூனியர்களுக்கு ஓயாமல் சொன்ன பழமொழி ஒன்று உண்டு: பதறாத காரியம் சிதறாது. கேஸ் கட்டைத் தேடினாலும் அதைத்தான் சொல்வார், காபி கொட்டினாலும் அதைத்தான் சொல்வார். இன்றைக்கு எனக்கும் அதுதான் கையில் இருக்கிறது.

2018 ஜூலையில் சென்னையில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை உங்களுக்கு நினைவிருக்கும். 17 பேர் கைதானார்கள். நீதிமன்றத்துக்கு அழைத்து வந்த இடத்திலேயே வழக்கறிஞர்கள் அவர்களை அடித்தார்கள். யாரும் ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர்கள் தரப்பிலிருந்து அறிவிப்பும் வந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் பெண் பிள்ளை பெற்றவன். 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 15 பேர் குற்றவாளிகள். ஒருவர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார். மீதி ஒருவர் விடுதலை. அன்றைக்குக் கை ஓங்கியவர்களுக்கு அந்த ஒருவர் யார் என்று தெரியுமா? அந்த 15 பேர்மீது வந்த தீர்ப்பு நிலைக்கவும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு வக்கீல் வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு, அதையும் தாண்டி நிற்கும் தீர்ப்பு மேல்முறையீட்டில் லேசில் ஆடாது. வக்கீலே இல்லாமல் வாங்கிய தண்டனை முதல் படியிலேயே வழுக்கிவிடும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கைதானவர் தன் விருப்பப்படி வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது அரசமைப்பின் 22ஆவது பிரிவு. கோவையில் சில போலீஸ்காரர்களுக்கு ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர்கள் போட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010இல் தீர்ப்பாயிற்று. சங்கத்துக்காரர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்தால் நல்லது. செயலாளர் சிரிக்கிறார், சரி, அவரைச் சொல்லவில்லை.

இப்போது ஒரு கதை. கதை என்றாலும் நடந்தது. 1989 ஏப்ரல் 19 இரவு, நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஓடப்போன ஒரு பெண்ணை யாரோ அடித்து நொறுக்கி, வன்புணர்ந்து, சாகட்டும் என்று போட்டுவிட்டுப் போனார்கள். ஊரே கொதித்தது. அன்றிரவு பூங்காவில் சுற்றிய பையன்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு வந்தது. கடைசியில் மாட்டியது ஐந்து பேர், எல்லோரும் 14லிருந்து 16 வயது. அதில் ஒருவன் போலீஸ் தேடிய ஆளே இல்லை. நண்பனைக் கூப்பிடுகிறார்களே, துணைக்குப் போவோம் என்று ஸ்டேஷனுக்குப் போனவன்! மணிக்கணக்காக விசாரணை, பக்கத்தில் வக்கீல் கிடையாது. ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நம்பினார்கள். நான்கு பேர் கேமரா முன்னால் ஒப்புக்கொண்டார்கள். ஒருவன் சொன்னதற்கும் இன்னொருவன் சொன்னதற்கும் பொருத்தமில்லை. சம்பவ இடத்தில் கிடைத்த மரபணு ஐவரில் யாருடையதும் இல்லை. யார் கேட்டார்கள்? ஒரு பெரும் பணக்காரர் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான்கு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அவர் பெயர் டொனால்ட் டிரம்ப். (சிரிப்பு) ஆமாம், அவரேதான்.

1990இல் ஐவருக்கும் தண்டனை. துணைக்குப் போனவனுக்கு 16 வயது ஆகியிருந்ததால் பெரியவர்களுக்கான சிறை. அங்கே அவனைச் சந்தித்த மத்தியாஸ் ரேயஸ் என்ற கைதிதான் பல ஆண்டுகள் கழித்து, ‘அதைச் செய்தது நான், தனியாகச் செய்தேன்’ என்று சொன்னான். மரபணு பொருந்தியது. 2002இல் தண்டனைகள் ரத்தாயின. துணைக்குப் போன பையன் அதற்குள் 12 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டான். 2014இல் நகரம் 4.1 கோடி டாலர் கொடுத்து, ஐவரும் போட்ட நஷ்டஈட்டு வழக்கை முடித்தது. ஐவரில் ஒருவரான யூசுஃப் சலாம் 2023இல் நியூயார்க் நகர மன்றத்துக்கே தேர்வானார். கைதட்டுங்கள், தட்டலாம். ஆனால் அந்தப் பெண்ணை நினையுங்கள். போலீஸ் ஐவரைப் பிடித்த திருப்தியில் இருந்தபோது ரேயஸ் வெளியே திரிந்தான், இன்னும் பல பெண்களை நாசமாக்கினான், ஒருவரைக் கொன்றான். பதறாத காரியம் சிதறாது என்று சீனியர் சொன்னது காபிக்காக மட்டும் இல்லை.

நம் ஊரில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாதே என்று மாணவர்கள் நினைப்பீர்கள். செல்லாதுதான். ஆனால் அதன் வழியாக ஒரு பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகிவிடும். குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 29ஆவது பிரிவோ, குறிப்பிட்ட குற்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரே செய்தார் என்று அனுமானிக்கச் சொல்கிறது. அதை உடைக்கும் பாரம் அவர் தலையில். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளி அதை எப்படி உடைப்பார்?

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். போக்சோ வழக்கில் குழந்தையிடம் எதிர்த்தரப்பு வக்கீல் நேராகக் கேள்வி கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். பெண்ணின் பழைய ஒழுக்கத்தைக் கிளறவும் சட்டம் விடாது. நல்ல வக்கீலுக்கு இதனால் நஷ்டமே இல்லை. தேதி, நேரம், மருத்துவ அறிக்கை, செல்போன் பதிவு, இவற்றில்தான் வழக்கு ஜெயிக்கிறது. சாட்சிக் கூண்டில் ஒரு பெண்ணை அழவைத்து ஜெயித்ததாகப் பெருமை பேசுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த செல்போன் பதிவும் சிசிடிவியும் அழிவதற்குள் யாராவது கேட்டு வாங்க வேண்டுமே! அதற்கு வக்கீல் என்றைக்கு வர வேண்டும்? குற்றப்பத்திரிகை வந்த பிறகா? கைதான அன்றே வர வேண்டும். இதைத்தான் பல மேடையில் கத்திக்கொண்டிருக்கிறேன்.

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சட்டமும் சொல்கிறது, முழு நேரமும் உடனிருக்க முடியாது, அவ்வளவுதான். 2022இலிருந்து மாவட்டங்களில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறை வந்திருக்கிறது. முழுநேரச் சம்பளத்துக்கு எதிர்த்தரப்பு வக்கீல்கள், நல்ல ஏற்பாடு. அவர்களில் ஒருவர் ராத்திரியிலும் போனை எடுக்க வேண்டும், அந்த எண் ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதை மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். நீதிபதி ஐயா இந்த மனுவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கதவு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும். பதறாத காரியம் சிதறாது என்றாலும், இதில் மட்டும் ஐயா கொஞ்சம் பதறலாம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மூன்றாவது விஷயத்தை இன்னொரு நாள் பேசலாம். மனுவின் படிகள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. பெயரோடு பதிவு எண்ணையும் எழுதுங்கள். மாணவர்கள் கல்லூரிப் பெயர் எழுதினால் போதும். நன்றி, வணக்கம்.