அனுப்பியாச்சு, ஆனா போய்ச் சேரலை

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கட்டுமானத் துறையில ஆளுங்களோட பழகுற வேலைகளைப் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் இன்ஜினியரிங் படிச்சவ இல்ல, படிச்சது காமர்ஸ். ஒரு கட்டடக் கம்பெனியில டாகுமென்ட் கன்ட்ரோலரா சேர்ந்தேன். எந்த டிராயிங், அதுல எத்தனாவது திருத்தம், அதாவது எந்த ரிவிஷன், யாருக்கு எப்போ போச்சுன்னு பதிஞ்சு வைக்கணும், வேலை அவ்ளோதான்னு நினைச்சுட்டு இருந்தேன். இன்னைக்கு ஓனர் தரப்புல ப்ராஜெக்ட் மேனேஜர். இதுக்கும் அதுக்கும் நடுவுல 11 ஓட்டை இருக்கு, அதைச் சொல்றேன்.

சேர்ந்து மூணாவது மாசம், ஆறாவது மாடி ஸ்லாப் போடப்போறாங்க. ஆர்க்கிடெக்ட் பாத்ரூம் சுவரைக் கொஞ்சம் நகர்த்தி புது ரிவிஷன் அனுப்புறார். சுவர் நகர்ந்தா கழிவுக் குழாய் நகரணும், குழாய் நகர்ந்தா கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடியே குழாய்க்கு ஓட்டை விடறதுக்காகக் கம்பிக்கு நடுவுல வச்சுக் கட்டுற ஸ்லீவும் நகரணும். நான் என்ன பண்ணேன், மெயிலை எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிட்டு ரெஜிஸ்டர்ல "அனுப்பியாச்சு"ன்னு எழுதி டிக் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். பிளம்பிங் ஃபோர்மேன் மெயில் பார்க்குற ஆளே இல்ல, அவர் சட்டைப்பையில நாலா மடிச்ச பழைய பிரிண்ட் ஒண்ணு இருக்கும், அதுதான் அவருக்கு டிராயிங். மறுநாள் காலையில கான்கிரீட் போட்டு முடிச்சாச்சு. சென்ட்ரிங் பிரிச்சுப் பார்த்தா 11 ஓட்டை சுவருக்கு அடியில நிக்குது. திரும்ப மெஷின் வச்சு கான்கிரீட்டைத் துளைக்கிற கோர் கட்டிங், அதுக்கு முன்னாடி கம்பி எங்க ஓடுதுன்னு ஸ்கேன், அதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கிட்ட ஒப்புதல், இந்த மூணுக்கும் பணம் யார் கொடுக்கிறதுன்னு ரெண்டு வாரம் சண்டை. என்னைத் திட்டவும் முடியல பாருங்க, ரெஜிஸ்டர்ல நான் சரியாத்தானே இருக்கேன்! எனக்குத்தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அதுக்கப்புறம் புது ரிவிஷன் வந்தா நானே பிரிண்ட் எடுத்துட்டு சைட்டுக்கு ஏறிடுவேன். ஃபோர்மேன் கிட்ட போய், "அண்ணே, பையில இருக்கிறத எடுங்க"ன்னு பழையதை வாங்கி சிவப்புல ரத்துன்னு எழுதி கையோட கொண்டு வந்துடுவேன், புதுசுல மாறின இடத்தை அவரையே விரல் வச்சுக் காட்டச் சொல்வேன். முதல்ல சிரிச்சாங்க. பிறகு அவங்களே, "மேடம், புதுசு ஏதாச்சும் வந்துச்சா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. நான் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கத்துக்கிட்டது அங்கதான், சர்ட்டிபிகேட் எல்லாம் ரொம்பப் பிறகு.

சின்ன விஷயத்தைப் பெருசாக்குறேன்னு தோணலாம். அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டியில 1981 ஜூலை 17ம் தேதி ஒரு ஹோட்டல் லாபியில தொங்கிட்டு இருந்த ரெண்டு நடைபாலம் இடிஞ்சு விழுந்து 114 பேர் செத்துப் போனாங்க. முதல் டிசைன்ல கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி, மேல் பாலத்தைத் தாண்டி கீழ்ப் பாலம் வரைக்கும் வரும். அப்படிச் செய்யறது கஷ்டம்னு அதை ரெண்டு கம்பியா மாத்தினாங்க, ஒண்ணு கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு, இன்னொண்ணு மேல் பாலத்துலருந்து கீழ்ப் பாலத்துக்கு. பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா கீழ்ப் பாலமே இப்போ மேல் பாலத்தைப் பிடிச்சுத் தொங்குது, அந்த இணைப்புல பாரம் ரெண்டு மடங்கு. போன்ல ஒப்புதல் வாங்கினோம்னு ஒரு தரப்பு சொல்லுது, அப்படி ஒரு போனே வரலன்னு இன்னொரு தரப்பு சொல்லுது. மாத்தின இணைப்புக்குக் கணக்கு போட்டுப் பார்த்தவங்க யாருமே இல்ல. அந்தக் கணக்கு ஒண்ணும் பெரிய கணக்கு இல்லீங்க, யாராவது ஒருத்தர் உட்கார்ந்து "நீங்க பார்த்தீங்களா, இல்ல அவர் பார்ப்பார்னு நினைச்சீங்களா"ன்னு கேட்டிருந்தா போதும்.

அந்தக் கேள்வியைக் கேக்குறதுக்குன்னே இந்தத் துறையில நிறைய நாற்காலி இருக்கு, வெளியில இருக்கறவங்களுக்கு அது தெரியறதில்ல. கட்டடம்னா இன்ஜினியர், மேஸ்திரி, கான்ட்ராக்டர் இவ்ளோதான்னு நினைக்கிறாங்க. ஓனர் தரப்பு ப்ராஜெக்ட் மேனேஜர், டிசைன் கோஆர்டினேட்டர், பில்லையும், நடுவுல வேலை மாறினா வர்ற கணக்கையும் (வேரியேஷன்) பேசித் தீர்க்கிற குவான்டிட்டி சர்வேயர், அக்கம்பக்கத்துக்காரங்க கிட்ட பேசற லயசன் ஆபீசர், சேஃப்டி ஆபீசர், மால் மாதிரி இடத்துல கடைக்காரங்களோட உள்வேலையை ஒருங்கிணைக்கிற டெனன்ட் கோஆர்டினேட்டர், வீட்டை ஒப்படைக்கிற ஹேண்டோவர் டீம், அப்புறம் கட்டி முடிச்சு வருஷக்கணக்கா அதைப் பார்த்துக்கிற ஃபெசிலிட்டி மேனேஜர். யார் யாருக்கு என்ன சொல்லணும், அது போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கறதுதான் இவங்க எல்லாருக்கும் பாதி வேலை.

சரி, ஒரு திங்கக்கிழமை மீட்டிங் எப்படி இருக்கும்னு சொல்றேன். புதுசா வர்ற மேனேஜர் ஒவ்வொரு சப் கான்ட்ராக்டரையும் பார்த்து "எப்போ முடியும்"னு கேப்பாரு, அவங்க எல்லாரும் "வெள்ளிக்கிழமை சார்"னு சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமை ஒண்ணும் முடிஞ்சிருக்காது, அடுத்த திங்கள் திட்டு, அடுத்த வெள்ளி, இப்படியே போகும். அவங்க பொய் சொல்றாங்கன்னு இல்லீங்க, கேட்ட கேள்வியே தப்பு. "நீங்க ஆரம்பிக்கணும்னா வேற யார் என்ன முடிச்சுக் கொடுத்திருக்கணும்"னு கேட்டுப் பாருங்க, அப்பதான் வாயைத் திறப்பாங்க. ஃபால்ஸ் சீலிங்காரர் சொல்வாரு, ஏசி டக்ட் டெஸ்ட் முடியல, ஏசிக்காரர் சொல்வாரு, கரன்ட் கனெக்‌ஷன் தரல, எலக்ட்ரிஷியன் சொல்வாரு, பேனல் வந்து கீழ கிடக்குது, ரூம் சாவி யார்கிட்டன்னு தெரியல. ஒரு சாவிங்க! ஒன்பது நாள் அந்தச் சாவிக்காக நாலு டீம் நின்னதை நானே பார்த்திருக்கேன். இதை முறையா பண்றதுக்கு லாஸ்ட் பிளானர்னு ஒரு வழிமுறையே இருக்கு, கிளென் பல்லார்டு, கிரெக் ஹோவல்னு ரெண்டு பேர் 1990கள்ல உருவாக்கினது. வேலையைச் செய்யப்போற ஆளே வாக்கு கொடுக்கணும், வாக்கு கொடுத்ததுல எத்தனை முடிஞ்சதுன்னு வாராவாரம் எண்ணணும், முடியலன்னா ஏன்னு எழுதணும், திட்டக்கூடாது. அவங்க எண்ணிப் பார்த்த சைட்டுகள்ல அந்த வாரத்துக்கு ஒத்துக்கிட்ட வேலையில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் முடிஞ்சிருந்துச்சாம். எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல.

ஆளுங்களை யோசிச்சு கட்டினா எவ்ளோ வேகம் வரும்ங்கிறதுக்கு எம்பயர் ஸ்டேட் பில்டிங்கைச் சொல்லுவேன். 102 மாடி, 1931 மே மாசம் திறந்தாங்க, 410 நாள்ல எழுப்பினது, உச்சத்துல ஒரே நாள்ல 3,400 பேருக்கு மேல வேலை பார்த்திருக்காங்க. மேல மேல மாடி ஏற ஏற சாப்பாட்டுக் கடையையும் மாடியிலேயே வச்சுட்டாங்க. இத்தனை பேர் சாப்பாட்டுக்குக் கீழ இறங்கி ஏறினா லிஃப்ட்லயே பாதி நாள் போயிடும்னு யாரோ முன்கூட்டியே யோசிச்சிருக்காங்க பாருங்க, அந்த மாதிரி யோசிக்கிற ஆளுக்கு இன்னைக்கும் சைட்டுல வேலை இருக்கு. அந்த உயரத்துல சேஃப்டி எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க, அந்தக் காலத்து போட்டோவைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

சேஃப்டின்னதும் ஞாபகம் வருது. காலையில வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டூல்பாக்ஸ் டாக்னு பாதுகாப்பு பத்தின சின்னப் பேச்சு நடக்கும், பல ஊர்லருந்து பல மொழி பேசறவங்க நிப்பாங்க, ஆபீசர் பேசி முடிச்சு "புரிஞ்சுதா"ன்னு கேப்பாரு, 40 தலையும் ஒண்ணா ஆடும். அது புரிஞ்சதுக்கு ஆடற தலை இல்ல, சீக்கிரம் விடுங்கன்னு ஆடற தலை. எங்க சைட்டுல இருந்த ஒரு சேஃப்டி ஆபீசர் அந்தக் கேள்வியையே விட்டுட்டார். கிரேன் பக்கம் நடந்து போய், "தம்பி, இன்னைக்கு நீ எங்க நிக்கக்கூடாது, போய் நின்னு காட்டு"ம்பாரு. தப்பான இடத்துல போய் நிக்கிறவங்க எத்தனை பேர்னு அப்பதான் தெரியும்.

அதே மாதிரிதான் கட்டி முடிச்ச பிறகும். லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட் டெர்மினல் 5, திட்டமிட்ட தேதியில, திட்டமிட்ட பட்ஜெட்டுல முடிச்ச கட்டடம்னு பேரு வாங்கினது. 2008 மார்ச் 27ம் தேதி திறக்குறாங்க. முதல் நாளே ஸ்டாஃபுக்கு வண்டி எங்க நிறுத்தணும்னு தெரியல, செக்கிங்ல மாட்டி லேட், உள்ள வந்தா வழி தெரியல, லக்கேஜ் பெல்ட்ல பைங்க அப்படியே தேங்கி, அடுத்தடுத்த நாள்கள்ல நூத்துக்கணக்கான விமானம் கேன்சல். பயிற்சியும் சோதனையும் போதலன்னு பின்னாடி நாடாளுமன்றக் குழு விசாரிச்சுச் சொல்லுச்சு. ஹேண்டோவர்னா சாவி கொடுக்கறது இல்லைங்கிறதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குக் கிடைக்கல.

வீடு ஒப்படைக்கிறதுலயும் அதேதான். வாங்கினவர் காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸா தட்டிட்டு வருவாரு, பொள்ளுன்னு சத்தம் வந்தா ஸ்டிக்கர் ஒட்டுவாரு. ஒருத்தர் 63 குறை எழுதிக் கொடுத்தார். எங்க பையன் "அடுத்த வாரம் முடிஞ்சிடும் சார்"னு சொல்லிட்டான், அது 64வது குறை. நான் உட்கார்ந்து பெயின்டிங் எத்தனை, பிளம்பிங் எத்தனைன்னு பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் நிஜமான தேதி போட்டு, ரெண்டு விஷயம் ஒரு மாசம் ஆகும், அந்தக் கண்ணாடி வெளியிலருந்து வரணும்னு சொன்னேன். கோபமா கேட்டுக்கிட்டார், ஆனா அதுக்கப்புறம் தினம் போன் பண்றதை நிறுத்திட்டார்.

படிப்பைப் பத்திக் கேப்பீங்க. ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு பிஎம்பின்னு ஒரு தேர்வு, 2021ல அதோட அமைப்பை மாத்தினப்போ 42 சதவீதம் கேள்வி மனுஷங்களைக் கையாள்றதைப் பத்தின்னு வச்சாங்க. பட்டம் இருந்தா மூணு வருஷ அனுபவம் கேப்பாங்க, அதனால காலேஜ் முடிச்ச கையோட அதைப் பிடிச்சுத் தொங்காதீங்க. சொத்து, சர்வேயிங் பக்கம் போறவங்களுக்கு 1868ல ஆரம்பிச்ச ஆர்ஐசிஎஸ்னு ஒரு பிரிட்டிஷ் சர்வேயர் அமைப்பு இருக்கு, அதுல தகுதி பெறணும்னா வாடிக்கையாளர் பராமரிப்பு, பேச்சுவார்த்தை, தகராறு தவிர்க்கிறது எல்லாம் கட்டாயத் திறன் பட்டியல்லயே இருக்கு. நுழையற வாசல் எதுன்னு கேட்டா, டாகுமென்ட் கன்ட்ரோல், சைட் அட்மின், கஸ்டமர் டெஸ்க், இந்த மூணுல ஏதாவது ஒண்ணுன்னு சொல்லுவேன். ஆனா ஒண்ணு, எனக்கு ஜனங்களோட பேசப் பிடிக்கும்னு மட்டும் சொல்லிட்டு வராதீங்க. டிராயிங் படிக்கக் கத்துக்கோங்க, எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலைன்னு மனசுல ஓடணும், இல்லன்னா மேஸ்திரி ஒரே நாள்ல உங்களை எடை போட்டுடுவாரு.

கஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். நீங்க எப்பவும் நடுவுல நிப்பீங்க, ஓனர் நீ கான்ட்ராக்டர் பக்கம்பாரு, கான்ட்ராக்டர் நீ ஓனர் ஆளும்பாரு. பணம் மேல நிக்குது, கீழ இருக்கிற சின்ன சப் கான்ட்ராக்டர் ஆளுங்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாம உங்க முன்னாடி வந்து உட்கார்ந்திருப்பாரு, செக்குல கையெழுத்துப் போடற அதிகாரம் உங்களுக்கு இருக்காது. அந்த மாதிரி சாயங்காலங்கள்ல நான் வேலையை விட்டுடலாமான்னு யோசிச்சிருக்கேன்.

இப்போ நான் ஆள் எடுக்கிறப்போ ஒரே ஒரு கேள்விதான் முக்கியமா கேப்பேன், கடைசியா யாருக்குக் கெட்ட செய்தி சொன்னீங்க, எப்படிச் சொன்னீங்கன்னு. ஒரு பொண்ணு வந்தா, பஸ் கம்பெனி கவுன்ட்டர்ல இருந்தவ. வண்டி அஞ்சு மணி நேரம் லேட்டுன்னு ஒரு தடவை சொன்னாளாம், அதுக்கப்புறம் ஒவ்வொரு அரை மணிக்கும் கவுன்ட்டரை விட்டு வெளிய வந்து ஜனங்க நடுவுல போய் நின்னாளாம். "புதுசா சொல்ல எதுவும் இல்ல மேடம், ஆனா நான் உள்ளயே உட்கார்ந்திருந்தா வண்டி வராதுன்னு நினைச்சிடுவாங்க"ன்னா. அவதான் இப்போ எங்க ஹேண்டோவர் டீமைப் பார்த்துக்கிறா.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலருந்து நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. வரேங்க, வணக்கம்.