பேந்து, மறுகா, அப்புறம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தைக் கடற்காற்றை வெளியே விட்டுவிட்டு வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்திருக்கும் பெரியோரே, வணக்கம்.

பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது வளாக உணர்வா, நகர வாழ்வா என்பது கேள்வி. எதிரணித் தலைவர் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்காகப் பேசினார். காலிமுகத்திடல் இறால் வடையில் தொடங்கி, பொது நூலகம், கம்பனிகளில் பயிற்சி, அம்மா கையால் சோறு என்று போய் முடித்தார். வடைக்கு நீங்கள் கைதட்டியதை நானும் பார்த்தேன். நான் வளாக உணர்வுக்காக, கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்காக வந்திருக்கிறேன். கொழும்பில் நின்றுகொண்டு கண்டிப் பக்கத்துக்கு ஆதரவு கேட்பது லேசான வேலையில்லை. ஆனால் நானும் இந்த வெள்ளவத்தையில் வளர்ந்தவன்தான், ஐயா.

முதலில் ஒரு சின்ன விஷயம். "தெரிவு எங்கே நம் கையில் இருக்கிறது? எல்லாம் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதானே" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். உண்மைதான், புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும்தான் கதவைத் திறக்கின்றன. ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது, எதை இரண்டாவதாக எழுதுவது என்று வீட்டில் மூன்று நாள் சண்டை நடக்கிறதே, அது எதற்காம்? மிருக வைத்தியம் படிக்க ஆசையென்றால் பேராதனைதான், அங்கே பேச்சில்லை. கலை, விஞ்ஞானம், மருத்துவம் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. அங்கேதான் இந்த வழக்கு.

இதுவும் புது வழக்கில்லை, நடுவரே. 1920களிலேயே இலங்கையில் பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்று பெரிய சண்டை நடந்தது. கொழும்பு புல்லர்ஸ் வீதியா, கண்டிப் பக்கமா என்று பத்திரிகைகளிலும் சட்டசபையிலும் மோதிக்கொண்டார்கள். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன கண்டிக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். 1942இல் பல்கலைக்கழகம் கொழும்பில்தான் தொடங்கியது. 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அங்கே கட்டியது விரிவுரை மண்டபங்களை மட்டுமா? மாணவர் தங்கும் விடுதிகளை வரிசையாகக் கட்டினார். அருணாசலம் விடுதி, இராமநாதன் விடுதி என்று நம் ஆட்களின் பெயர்களும் அங்கே நிற்கின்றன. இருபது வயதுப் பிள்ளைகள் சேர்ந்து வாழ வேண்டும் என்று நினைத்துக் கட்டிய இடம் அது.

சேர்ந்து வாழ்ந்தால் என்ன கிடைக்கும்? நான் வெள்ளவத்தையிலிருந்து போனேன். அறையில் நாலு பேர். ஒருவன் யாழ்ப்பாணம், ஒருவன் மட்டக்களப்பு, ஒருவன் ஹற்றன். முதல் இரவு கதை சொல்லத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தான் "பேந்து" என்றான். மட்டக்களப்பான் "மறுகா" என்றான். ஹற்றன்காரன் "அப்புறம்" என்றான். நான் "பிறகு" என்றேன். நாலுக்கும் ஒரே அர்த்தம்தான். அது விளங்குவதற்குள் விடிந்துவிட்டது. கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு எத்தனை தமிழ் தெரியும்? தன் ஒழுங்கையின் தமிழ் தெரியும். அதே பிள்ளை 100 இலக்க பஸ்ஸிலோ 101லோ ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்கி, விரிவுரை முடிந்ததும் அதே பஸ்ஸில் திரும்பினால், பதின்மூன்று வருடப் பள்ளிக்கூடம் பதினேழு வருடமாகும். விடுதியும் கிடைக்காது, வீடுதான் பக்கத்தில் இருக்கிறதே.

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மட்டக்களப்பு நண்பனின் அப்பா தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. அவன் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒருவன் தொப்பியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனான். அரை மணித்தியாலத்தில் பஸ் காசு சேர்ந்தது. தொப்பியில் காசு போட்டவர்களில் பாதிப் பேர் சிங்களப் பொடியன்கள், அவன் பெயர்கூடச் சரியாகத் தெரியாதவர்கள். ஆறு பேர் அவனுடன் கிளம்பினோம். விடியற்காலையில் அந்த வீட்டு வாசலில் போய் இறங்கியபோது அவனுடைய அம்மா எங்களைப் பார்த்து, "நீங்களெல்லாம் யார் மகன்மார்?" என்று கேட்டார். கொழும்பில் மனிதர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தால், தொப்பியை எங்கே கொண்டு போவது?

படிப்பும் அப்படித்தான். குப்பி என்று ஒரு சொல் உண்டு, கம்பஸ் பிள்ளைகளுக்குத் தெரியும். பரீட்சைக்கு முன்னால் விளங்கியவன் விளங்காதவனுக்கு இரவிரவாகச் சொல்லிக் கொடுப்பது. எனக்குப் புள்ளிவிபரவியலைப் பாஸாக்கியது அந்த ஹற்றன்காரன்தான். கட்டணம், கலஹா சந்தியில் ஒரு பிளேன்டீயும் ரோல்ஸும்.

இன்னும் பெரிதாக ஒன்று சொல்கிறேன். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த சி. மௌனகுரு அங்கே இராவணனாக ஆடினார். தாளக்கட்டும் ஆட்டமும் நாள்கணக்கில் பழகினால்தான் காலில் ஏறும். ஐந்து மணிக்கு எல்லாரும் பஸ் பிடிக்க ஓடினால், இராவணன் பத்துத் தலையோடு புட்போர்டிலா தொங்குவது? அந்த மலையில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது, மாணவர்கள் முன்னின்று நடத்தும் கோயில். பொங்கலுக்கு எத்தனை கொத்து அரிசி என்று கணக்குப் பார்த்துப் பழகியவன் பிறகு எந்த அலுவலகத்திலும் தடுமாற மாட்டான்.

சரி, எதிரணி மிச்சம் வைத்திருக்கும் அம்பு எனக்குத் தெரியும். பகிடிவதை, புதிய மாணவர்களை மூத்தவர்கள் வதைப்பது. இது எங்கள் அணி வெட்கப்பட வேண்டிய இடம், மழுப்ப மாட்டேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் அது ஒழியவில்லை. புதிதாக வந்த பிள்ளையை அழவைத்துவிட்டு "பட்ச் ஒற்றுமைக்காக" என்பவனுக்கு நான் இந்த மேடையில் வக்காலத்து வாங்கவில்லை. எங்களுக்கு ஒற்றுமை வந்தது அந்தத் தொப்பியால்தான். அப்புறம், இந்த நோய் மலைநாட்டு வளாகங்களுக்கு மட்டும் சொந்தமா? நகரத்து மதிலுக்குள் நுழைய அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா?

பயிற்சி வேலை நகரத்தில்தான் என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோட்டையிலிருந்து பேராதனை என்ன கடல் தாண்டியா? மூன்று மணித்தியாலச் சொச்சம் ரயில். காலிமுகத்திடல் எனக்கு நாற்பது வயதிலும் இருக்கிறது, நேற்றுக்கூட வடை சாப்பிட்டேன். நாலு பேர் ஒரே அறையில் உறங்கும் இருபது வயதை எந்தக் கடையில் வாங்குவது?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. ஒரே ஒரு நிமிடம். மூன்றாவது வரிசையில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தார், மற்ற இருவர் மட்டக்களப்பிலிருந்தும் ஹற்றனிலிருந்தும். நான் எவ்வளவு மோசமாகப் பேசினாலும் கைதட்டுவதாக ஏற்பாடு. எதிரணித் தலைவருக்குக் கைதட்ட அவருடைய பட்ச்சிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று ஒருதரம் கேட்டுவிட்டுத் தீர்ப்பை எழுதுங்கள். வணக்கம்.