முதலில் தகரம், பிறகுதான் பட்டி: கார் பாடி வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே. அம்பத்தூரில் எங்கள் ஷெட்டின் பின்பக்கத்தில் நின்று பேசுகிறேன். பக்கத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டிங்கரிங், பெயின்டிங் வேலைக்கு வரலாமா, எங்கே தொடங்குவது?" தாராளமாக வரலாம். ஆனால் எதை முதலில் கற்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் பிழைப்பே இருக்கிறது. பலரும் ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். பளபளப்பு அங்கேதானே தெரிகிறது! என்னைக் கேட்டால், முதலில் சுத்தியலையும், தகரத்துக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கட்டையான டாலியையும் கையில் எடுங்கள் என்பேன்.

இதோ, புதுப்பேட்டையில் பழைய சாமான் விலைக்கு வாங்கிய ஒரு கார் கதவு. கேமராவை அருகே கொண்டு வருகிறேன். நடுவில் ஒரு பள்ளம் தெரிகிறதா? புதிதாக வருகிற எல்லோருடைய கையும் நேராக அந்தப் பள்ளத்துக்குத்தான் போகும். அதைச் சுற்றி மேடாக ஒரு மடிப்பு ஓடுகிறது, அதைப் பாருங்கள். வளைந்த இடத்தில் தகரம் இறுகிவிடும். பள்ளத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்த மடிப்புதான். அடி எந்த வரிசையில் விழுந்ததோ, அதற்கு நேர்மாறான வரிசையில் எடுக்க வேண்டும். கடைசியில் உண்டான மடிப்பு முதலில் தளர வேண்டும். டாலியைப் பள்ளத்தின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் மேட்டை மெதுவாகத் தட்டுகிறேன். கவனியுங்கள், டாலிக்கு நேர் மேலே தட்டவில்லை. மேடு இறங்க இறங்கப் பள்ளம் தானாக ஏறுகிறது.

டாலிக்கு நேர் மேலே ஓங்கி அடித்தால் என்ன ஆகும்? இந்தத் தகரத்தின் கனம் ஏறத்தாழ 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர்தான். இரண்டு இரும்புக்கு நடுவே நசுங்கி அது விரிந்துவிடும். பிறகு விரலால் அழுத்தினால் டப் டப் என்று உள்ளே போய் வெளியே வரும். அதைச் சூடேற்றி, ஈரத் துணி வைத்துச் சுருக்க வேண்டியிருக்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஆகாது. இப்போதைய கார்களில் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே நிற்கும் தூண், கீழ்ச்சட்டம் போன்றவை உயர் வலிமை எஃகால் ஆனவை. அங்கே கேஸ் நெருப்பு வைத்தால் வலிமை போய்விடும். அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவரை அந்தத் தூண் காப்பாற்றாது. எந்த இடத்தில் நெருப்புப் படலாம், எந்த இடத்தில் படக்கூடாது என்பதைக் கம்பெனியின் பழுதுநீக்கக் கையேடு பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கண் மதிப்பு போதாது.

இனி பட்டிக்கு, அதாவது பெயின்ட்டுக்கு முன் மேடு பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசைக்கு வருகிறேன். பட்டி நல்ல பொருள்தான், அதன் வேலை சின்னது, அவ்வளவே. கை வைத்துத் தடவினால் மட்டுமே தெரிகிற மேடு பள்ளத்தை அது நிரப்ப வேண்டும். காய்ந்து தேய்த்த பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நிற்கக்கூடாது. விரல் கனத்துக்குப் பட்டி அப்பிய கதவை நான் பார்க்கும்போதெல்லாம் அந்த வண்டிக்காரருக்காக மனம் நோகிறது. பணத்தையும் கொடுத்துவிட்டு, வெடிக்கக் காத்திருக்கும் கதவையும் அவர் வாங்கிப் போகிறார். கடற்கரை ஊர் இது. உப்புக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். துருவைச் சுரண்டாமல் மேலே பட்டி வைத்தால் உள்ளே துரு வளர்ந்து பெயின்ட் கொப்பளிக்கும். இன்னொன்று, பாலியஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும். வாட்டர் பேப்பரும் வாளித் தண்ணீரும் பிரைமர் அடித்த பிறகுதான்.

எங்கே கற்பது? ஐடிஐ-யில் இதற்கென்றே இரண்டு பிரிவுகள் உள்ளன: மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர், மெக்கானிக் ஆட்டோ பாடி பெயின்டிங். இரண்டும் ஓராண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எல்லா நிலையத்திலும் இவை இருக்காது. கலந்தாய்வுப் பட்டியலைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வெல்டர் அல்லது ஷீட் மெட்டல் வொர்க்கர் எடுங்கள், அந்தக் கை இந்த வேலைக்கு அப்படியே உதவும். கிண்டியிலும் அம்பத்தூரிலும் வட சென்னையிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. படிப்பு முடிந்ததும் அப்ரென்டிஸாக ஒரு பெரிய பாடி ஷாப்பில் சேருங்கள்.

அங்கே ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் வேலையில் அடிபட்ட பாகத்தைக் கழற்றிப் புதிது மாட்டுவதுதான் அதிகம், தகரத்தை நிமிர்த்தும் வாய்ப்புக் குறைவு. சின்ன ஷெட்டில் தினமும் தகரம்தான். ஆனால் அங்கே வண்டியின் சட்டத்தை அளவெடுக்கும் பெஞ்ச், பெயின்டைக் காயவைக்கும் சூட்டறை, மின்சார வண்டிக்கான பயிற்சி எதுவும் பெரும்பாலும் இருக்காது. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற ஒயர் ஓடுகிற மின்சார வண்டியைப் பயிற்சி இல்லாமல் தொடவே கூடாது. ஆகவே இரண்டு இடத்திலும் கொஞ்ச காலம் இருங்கள்.

"பெண்கள் வரலாமா?" என்று சில தங்கைகள் கேட்டிருக்கிறார்கள். வாருங்கள். தகரம் தட்டுவதற்கு வேண்டியது பொறுமையான கை, முரட்டு பலம் இல்லை.

கடைசியாக நுரையீரல். இதைத் தள்ளி ஓட்டிவிடாமல் கேளுங்கள். டூ-கே பெயின்டில், அதாவது இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் பெயின்டில், அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சு இழுக்கும்; அந்தத் தொழிலையே விட வேண்டி வரும். கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியாக வருகிற முகமூடிதான் சரியான காவல். கண்ணையும் தோலையும் மூட வேண்டும். ஸ்ப்ரே அடித்து முடித்ததும் முகமூடியைக் கழற்றிவிடாதீர்கள். புகை முழுக்க வெளியேறும் வரை அது முகத்திலேயே இருக்கட்டும்.

வேலை கேட்டு ஒரு ஷெட்டுக்குப் போகிறபோது சம்பளம் பேசுவதற்கு முன் பெயின்ட் அடிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகமூடி எங்கே தொங்குகிறது, அது யாருக்கு, புதிதாக வருகிறவருக்கும் ஒன்று தருவார்களா என்று கேளுங்கள். தயங்கினால், பெற்றோரே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஷெட்டுக்குப் போய்விடுங்கள். இந்த ஊரில் ஷெட்டுக்குப் பஞ்சமில்லை.