இரண்டு செங்கல், ஏழு மணிச் சாப்பாடு

வணக்கம். நெஞ்செரிச்சலைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, "எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு பட்டியல் மாதிரி சொல்லிடுங்க மேடம், கேக்குறவங்க எழுதிக்குவாங்க" என்றார்கள். பட்டியல் இருக்கிறது. உணவு ஆலோசகர் வேலை பார்ப்பவளிடம் பட்டியலுக்கா பஞ்சம். ஆனால் அதற்கு முன்னால் என் அப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குக் கும்பகோணத்தில் மளிகைக் கடை. ராத்திரி 10 மணிக்குக் கடையை அடைத்து, கல்லாவை எண்ணி, சைக்கிளில் வீடு வந்து சேர 10.30 ஆகிவிடும். மத்தியானம் வியாபாரத்துக்கு நடுவில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வதுதான், அதனால் நாள் முழுக்கச் சேர்த்துவைத்த பசியும் அந்த ராத்திரி இலையில்தான் தீரும். சோறு, குழம்பு, ரசம், மோர் என்று ஒன்றையும் விடாமல் சாப்பிட்டுக் கைகழுவி, 11 மணிக்குப் படுத்தால் 2 மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். "எதுக்களிக்குதும்மா" என்பார். தொண்டை வரைக்கும் புளிப்பாக ஏதோ ஏறிவந்து நெஞ்சு கரிக்கும்.

எதுக்களிப்பு என்பது எவ்வளவு சரியான சொல் பாருங்கள். கீழே போனது எதிர்த்து மேலே வருகிறது. இன்றைக்கு அதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் 'கேஸ்' என்கிறோம், இல்லாவிட்டால் 'அல்சர்' என்கிறோம்.

அம்மா முதலில் குற்றம் சொன்னது வத்தக்குழம்பை. அதை நிறுத்தினார்கள். அடுத்து ரசத்தில் மிளகு, அப்புறம் தக்காளி, அப்புறம் பருப்பு. இரண்டு வருஷம் அந்த மனிதர் ராத்திரியில் வெறும் தயிர்ச் சோறும் ஒரு துண்டு நார்த்தங்காயும் சாப்பிட்டார். அந்தத் தயிர்ச் சோற்றையும் 10.30க்குத்தான் சாப்பிட்டார், வயிறு முட்டத்தான் சாப்பிட்டார், சாப்பிட்ட உடனே படுக்கத்தான் செய்தார். எரிச்சல் அப்படியே இருந்தது. வாய் ருசி போனது மட்டும்தான் மிச்சம்.

ஏன் என்று சொல்கிறேன். வாயிலிருந்து இரைப்பைக்குப் போகும் உணவுக்குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை, சுருக்குப் பையின் கயிறு மாதிரி. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரத்தில் இறுக்கி மூடியிருக்கும். இரைப்பைக்குள் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதைத் தாங்குவதற்கு இரைப்பையின் உள்சுவரில் கெட்டியான சளிப் படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லை. அதனால் கொஞ்சம் அமிலம் மேலே ஏறினாலும் எரிகிறது. இதற்கு அமிலம் அதிகமாகச் சுரக்கவேண்டும் என்பதுகூட இல்லை. பலருக்கும் சுரப்பு சரியாகத்தான் இருக்கும், அந்தச் சுருக்குக் கயிறுதான் வேண்டாத நேரத்தில் தளர்கிறது.

அது எப்போது தளரும் என்பதுதான் விஷயமே. வயிறு உப்பும்போது, உள்ளே சேர்ந்த காற்றை ஏப்பமாக வெளியே விடுவதற்காக அந்தத் தசை கொஞ்ச நேரம் தானாகவே தளரும். ஆக வயிற்றில் எவ்வளவு போட்டு அடைக்கிறோமோ அவ்வளவு தடவை கதவு திறக்கும். உட்கார்ந்திருந்தால் ஏறிவந்தது எடையினாலேயே கீழே இறங்கிவிடும், நாம் விழுங்கும் எச்சில் மிச்சத்தைக் கழுவிவிடும், எச்சிலுக்கு அமிலத்தைத் தணிக்கும் குணம் உண்டு. படுத்துவிட்டால் கீழே இழுக்க ஒன்றும் இல்லை, தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் விழுங்குவதும் குறைந்துவிடும், ஏறிய அமிலம் அங்கேயே தேங்கி நிற்கும். அப்பாவின் 2 மணி எரிச்சல் இதுதான். இதில் வத்தக்குழம்பைக் கூப்பிட்டுவைத்து விசாரித்து என்ன பிரயோஜனம்?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் இரைப்பை குடல் மருத்துவர்கள் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எரிச்சலைக் கிளப்பக்கூடிய உணவு என்பதற்காக அவை எல்லாவற்றையும் எல்லோருக்கும் மொத்தமாக நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதினார்கள். 2022இல் அதைப் புதுப்பித்தபோதும் முக்கியமாகச் சொன்னவை இவைதான்: உடம்பு கனமாக இருந்தால் எடையைக் குறைப்பது, படுப்பதற்கு 2, 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பது, புகையிலையை விடுவது, ராத்திரி எரிச்சல் உள்ளவர்கள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, தனக்கு எது ஒத்துவரவில்லையோ அதைத் தவிர்ப்பது. தனக்கு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு நாங்கள் செய்தது இரண்டே காரியம். 7 மணிக்கு ஒரு டிபன் பாக்ஸில் நாலு இட்லியோ, இரண்டு தோசையோ, கொஞ்சம் கூட்டுச் சோறோ கடைக்குப் போய்விடும், 10.30க்கு வந்து பசித்தால் ஒரு டம்ளர் மோர் மட்டும். "கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை" என்று ஒரு மாதம் புலம்பினார். இன்னொன்று, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு செங்கல். ஒரு செங்கல் சுமார் 3 அங்குலம், இரண்டு வைத்தால் 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர், சரியான உயரம். தலையணையை அடுக்கிக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. தலையணை கழுத்தை மட்டும் தூக்கி இடுப்பை மடக்கிவிடும், வயிறு அழுந்தி இன்னும் மோசமாகும். நெஞ்சும் சேர்ந்து சரிவாக உயர வேண்டும். பாயில் படுப்பவர்கள், மெத்தைக் கடையில் சொல்லி முதுகுவரை வருகிற சரிவுத் தலையணை ஒன்று தைத்துக்கொள்ளலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும், அப்போது இரைப்பை உணவுக்குழாயின் வாசலுக்குக் கீழே தொங்கும். வலது பக்கம் திரும்பினால் வாசல் அமிலத்துக்குள் முங்கிவிடும்.

இந்த 7 மணிச் சாப்பாடு எல்லோருக்கும் வாய்க்காது என்று தெரியும். முக்கியமாக நம் வீட்டுப் பெண்களுக்கு. எல்லோருக்கும் பரிமாறி, மாமனாருக்கு மாத்திரை கொடுத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, 10 மணிக்கு உட்கார்ந்து, மீந்த குழம்பைக் கொட்ட மனசு வராமல் அதையும் வழித்துப் போட்டுக்கொண்டு, பாத்திரத்தைக் குனிந்து தேய்த்துவிட்டு அப்படியே படுக்கிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். சாப்பாட்டைக் குறை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து 8 மணிக்கே நீங்களும் சாப்பிடுங்கள், மற்றவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளட்டும் என்பேன். அதற்கு வீட்டில் ஒரு சின்ன சண்டை வேண்டியிருக்கும், போடுங்கள். அப்புறம் பாவாடை நாடா. இடுப்பில் தழும்பு விழும் அளவுக்கு இறுக்கிக் கட்டினால் வயிற்றிலிருப்பது மேலேதான் போகும். ஆண்களின் பெல்ட்டுக்கும் இதே கதைதான்.

சரி, பட்டியலுக்கு வருவோம், கேட்காமல் விடமாட்டீர்கள். எண்ணெயும் கொழுப்பும் முதலில். காரத்தைத் திட்டுகிற அளவுக்கு நாம் எண்ணெயைத் திட்டுவதில்லை. கொழுப்பு அதிகமுள்ள சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும், அந்த வளையத் தசையையும் தளர்த்தும். சாயங்காலம் டீக்கடை பஜ்ஜி, ராத்திரி 9.30க்குப் பரோட்டாவும் சால்னாவும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்ததும் ஒரு தூக்கம், எரிச்சலுக்கு இதைவிட வசதி செய்துகொடுக்க முடியாது. பிரியாணி வேண்டாம் என்று சொல்லவில்லை. மத்தியானம், ஒரு தட்டு, முடித்துவிட்டு உட்கார்ந்திருங்கள். உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டுதான், அதற்குத்தான் அந்தக் காலத்தில் சாய்வு நாற்காலி வைத்திருந்தார்கள்.

காரம் இன்னொரு தினுசு. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருள், சூட்டையும் அமிலத்தையும் உணர்கிற அதே நரம்பு முனைகளைத்தான் தூண்டுகிறது. ஏற்கெனவே புண்பட்ட குழாயில் அது இறங்கினால் தீ மாதிரி இருக்கும், புண் இல்லாதவர்கள் பலருக்கு அவ்வளவாகத் தெரியாது. புளி, தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சும் இப்படித்தான், ஆளுக்கு ஆள் மாறும். பச்சை வெங்காயம் சிலருக்கு ஆகாது. வதக்கிய வெங்காயம் அவர்களுக்கே ஒன்றும் செய்யாது. சாக்லேட், புதினா இரண்டும் தசையைத் தளர்த்துபவை. சாப்பிட்டதும் செரிக்கும் என்று பெப்பர்மின்ட் மிட்டாய் போட்டுக்கொள்கிறோமே, எரிச்சல் உள்ளவர்களுக்கு அது நேர் எதிராக வேலை செய்யலாம்.

சோடா குடித்தால் ஏப்பம் வந்து லேசாகிறது என்பார்கள். லேசாகிறது உண்மைதான், ஆனால் ஏப்பத்துக்காகத் திறந்த கதவு வழியாக அமிலமும் வரும். நுரைக்கிற உப்புப் பொடியும் அதே ரகம். கூடவே அதில் சோடியம் இருப்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அடிக்கடி தொடவே கூடாது. பால்? குடித்த கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு அதிலிருக்கும் புரதமும் கால்சியமும் அமிலத்தை மேலும் சுரக்கவைக்கும். படுக்கும்போது ஒரு டம்ளர் பால் என்ற பழக்கத்தைச் சந்தேகப்படுங்கள்.

காபி. இதில் நான் நீதிபதியாக உட்கார முடியாது, நானே குற்றவாளி. விடிந்ததும் வெறும் வயிற்றில் டிகாக்‌ஷன் தூக்கலாக ஒரு டம்ளர் குடித்தால்தான் எனக்கு ஊர் பெயரே ஞாபகம் வரும். சிலருக்குக் காபி எரிச்சலைக் கிளப்புகிறது, சிலருக்கு இல்லை. எனக்குக் கிளப்பியது. விட முடியவில்லை. இட்லி சாப்பிட்ட பிறகு அரை டம்ளர் என்று மாற்றிக்கொண்டேன், சரியாகிவிட்டது. சாயங்காலக் காபியை விட்டுவிட்டேன், அதில் இன்னமும் வருத்தம்தான்.

உங்களுக்கு எது ஆகாது என்று கண்டுபிடிக்க ஒரு 40 பக்க நோட்டு போதும். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்போது படுத்தேன், எப்போது எரிந்தது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். பிறகு சந்தேகப்படும் ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், திரும்பச் சேர்த்துப் பாருங்கள். ஐந்தையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. அப்பா இரண்டு வருஷம் பட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று யாரும் எழுதிப் பார்க்காததால்தான்.

தைரியமாகச் சாப்பிடக் கூடியவையும் நிறைய. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய்க் கூட்டு, பாசிப்பருப்பு, ரொம்பப் புளிக்காத மாவில் இட்லி, இடியாப்பம், குழைந்த கஞ்சி, வாழைப்பழம், பப்பாளி, குழம்பில் போட்ட மீன். சாப்பாட்டுக்கு நடுவில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பாமல் இருந்தால் சரி. நோன்பு வைக்கும் நண்பர்கள் நோன்புக் கஞ்சியோடு திறந்துவிட்டு, வடை சமோசாவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். விடியற்காலை சஹர் சாப்பாட்டை முடித்து உடனே படுக்காமல் இருப்பது அதைவிட முக்கியம்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பாதிப் பேர் தப்பாகப் போடுகிறீர்கள். பேன்டோபிரசோல், ஒமிப்பிரசோல் வகை மாத்திரைகளைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்டபின் போட்டால் பயன் குறைந்துவிடும். மருந்துக் கடையில் நீங்களே வாங்கி வருஷக் கணக்கில் விழுங்குவதும் வேண்டாம், நீண்ட நாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் வேண்டாம், நிறுத்தினால் அமிலம் கொஞ்ச நாள் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். மூட்டு வலிக்குப் போடும் வலி மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள்கூட எரிச்சலைக் கூட்டும். எல்லா மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

விழுங்கும்போது சோறு நெஞ்சில் சிக்குகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, வாந்தியில் ரத்தம் தெரிகிறது, இதில் ஒன்று இருந்தாலும் நோட்டும் செங்கல்லும் வேலைக்கு ஆகாது, உடனே ஆஸ்பத்திரிதான். நெஞ்சு அழுத்தமாக வலித்து, வியர்த்து, வலி தோளுக்கோ தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் அதைக் கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு இப்போது 78 வயது. கடையைத் தம்பி பார்க்கிறான். செங்கல் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது அதற்கும் சேர்த்து அடித்தார்கள். வத்தக்குழம்பு மத்தியானத்துக்கு மாறிவிட்டது, சுட்ட அப்பளத்தோடு. போன வாரம் போயிருந்தபோது இரண்டாவது தடவை குழம்பு கேட்டார், அம்மா என்னைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 1. ஊற்றச் சொன்னேன். வணக்கம்.