ஊர் இரண்டு பட்டால்: பிரிவுப் பாட்டும் பங்குத் தாளும்

(பாடலாசிரியர், இசையமைப்பாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, தன் வாழ்த்துரையில் என் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட்ட சிறப்பு விருந்தினர் அவர்களே, என்னைப் பற்றி எனக்கே தெரியாத பெருமைகளை அடுக்கிய செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (இவரைத் தனியாகச் சொல்லாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வராது), முன்வரிசைப் பெரியோர்களே, பின்னால் கிட்டாரைத் தோளிலிருந்து இறக்காமல் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘பிரபலங்களின் பிரிவும் பிரபலமான பாட்டும்’. மூன்று செய்திகள் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஒன்று, அப்படிப்பட்ட பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது, அதில் யாருக்கு எவ்வளவு என்பதை ஏன் பங்குத் தாளில் எழுதிவைக்க வேண்டும். இரண்டு, அதைச் சுற்றி எழும் வதந்தி எப்படி வேலை செய்கிறது. மூன்று, யாரோ இருவர் பிரிந்ததற்கு நாம் ஏன் குளியலறையில் பாடுகிறோம்.

நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள்: ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இன்றைய உரை முழுக்க இந்தப் பழமொழியைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறேன். செயலாளர் இப்போதே சிரிக்கிறார். போன கூட்டத்திலும் இதையே சொன்னேனாம். நல்ல பழமொழியை எத்தனை முறை சொன்னாலும் தப்பில்லை ஐயா.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்கப் பாடகி மைலி சைரஸின் ‘ஃப்ளவர்ஸ்’ பாட்டு. மைலி சைரஸும் நடிகர் லியாம் ஹெம்ஸ்வொர்த்தும் 2018 டிசம்பரில் மணம் செய்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் கலிஃபோர்னியாவின் வூல்ஸி காட்டுத்தீயில் மாலிபுவில் இருந்த அவர்கள் வீடு எரிந்திருந்தது. 2019 ஆகஸ்டில் பிரிவு அறிவிப்பு, 2020 தொடக்கத்தில் விவாகரத்து. பாட்டு வந்தது 2023 ஜனவரியில். ஜனவரி 13 ஹெம்ஸ்வொர்த்தின் பிறந்தநாள், பாட்டு உலகெங்கும் வெளியான தேதியும் அதுவே. பாட்டில் யார் பெயரும் இல்லை. ஆனால் கட்டிய வீடு எரிவதைப் பார்த்ததாக ஒரு வரி இருக்கிறது. தேதியையும் வரியையும் ரசிகர்கள் முடிச்சுப் போட்டார்கள். பிறகு சொல்லவா வேண்டும்? ஊர் இரண்டு பட்டது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 8 வாரம், பிரிட்டனில் 10 வாரம் முதலிடம். 2024 பிப்ரவரியில் இரண்டு கிராமி. கூத்தாடிக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனால் கூத்தாடி யார் என்று கேட்டுப் பாருங்கள். ‘மைலி’ என்பீர்கள். பாட்டை எழுதியவர்கள் மூன்று பேர்: மைலி சைரஸ், ஆல்டே என்று அறியப்படும் கிரெகரி ஹைன், மைக்கேல் பொல்லாக். ஒலிப்பதிவைத் தயாரித்தவர்கள் இன்னும் இருவர், கிட் ஹார்பூனும் டைலர் ஜான்சனும். முன்னாள் கணவர் பெயர் எல்லாருக்கும் தெரியும், கூட உட்கார்ந்து எழுதியவர்கள் பெயர் இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். இரண்டு கை. அதில் ஒன்று நம் பொருளாளர், அவர் தண்ணீர் கேட்கிறார்.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம். ஏ மைனர் சுருதி, நிமிடத்துக்கு 118 அடி. நாற்காலியில் இருப்பவரின் காலை ஆட்டிவிடுகிற வேகம் அது. கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, அதன் வரிசை ஏ மைனர், டி மைனர், ஜி, சி என்று போகும். கிட்டார் வைத்திருக்கும் தம்பி, அதை அப்படியே மெல்லத் தட்டிப் பாருங்கள். அடுத்தடுத்த கார்டின் வேர்ச்சுரம் ஐந்தாம் இடத்துக்கு இறங்கிக்கொண்டே போகிறது, அதனால் அடுத்தது எங்கே போகும் என்று காது முன்கூட்டியே அறிந்துவிடும். 1978-இல் குளோரியா கெய்னர் பாடிய ‘ஐ வில் சர்வைவ்’ தொடங்குவதும் இதே நான்கில்தான். அதுவும் பிரிவுக்குப் பிறகு நிமிர்ந்து நிற்கும் பாட்டு. இந்த வரிசை யாருடைய தனிச் சொத்தும் அல்ல, யாரும் எடுத்தாளலாம். மெட்டும் சொல்லும்தான் சொத்து.

இந்தப் பாட்டு முதலில் இப்படி இல்லை. 2023-இல் பிரிட்டிஷ் வோக் இதழுக்குக் கொடுத்த பேட்டியில் மைலி சைரஸே சொல்லியிருக்கிறார். முதலில் எழுதியபோது, எனக்கு நானே பூ வாங்கிக்கொள்ள முடியும், ஆனால் நீ நேசித்த அளவுக்கு என்னை நானே நேசிக்க முடியாது என்று பல்லவி முடிந்ததாம். 1950-களின் சாயலில் ஒரே சோகப் பாட்டு. ‘முடியாது’ என்றது ‘முடியும்’ ஆனது, பாட்டே தலைகீழானது. அழுகைப் பாட்டு ஆட்டப் பாட்டாயிற்று.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. அந்த அறையில் அதை மாற்றியது யார் என்பது நமக்கு வேண்டாம். உங்கள் அறையில் அப்படி நடந்தால்? மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரவு பதினொரு மணி. ஒருவர், ‘அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டால் என்ன?’ என்கிறார். பாட்டு ஓடிவிடுகிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பங்கு உண்டா? எத்தனை விழுக்காடு? அமெரிக்கச் சட்டப்படி, சேர்ந்தே ஆக்குவதென்று பலர் உட்கார்ந்து ஆக்கிய பாட்டில் எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால் கூட்டாசிரியர் எல்லாருக்கும் சம பங்கு. தொண்ணூறு வரி எழுதியவருக்கும் பத்து வரி எழுதியவருக்கும் ஒரே அளவு. ஒரு சொல் சொன்னவர் கூட்டாசிரியரா, வெறும் யோசனை சொன்னவரா என்பதுதான் பிறகு வழக்கு. கூத்தாடிகளே இரண்டு பட்டால் வக்கீலுக்குக் கொண்டாட்டம்!

இதற்கு ஒரு கதை உண்டு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1976. கலிஃபோர்னியாவில் சாஸலிட்டோ. ஜன்னலே இல்லாத ஒரு மரக் கட்டடம், ரெக்கார்டு பிளான்ட் ஒலிப்பதிவுக்கூடம். உள்ளே ஃப்ளீட்வுட் மேக் குழு ‘ரூமர்ஸ்’ தொகுப்பைப் பதிவு செய்கிறது. ஐந்து பேர். கிட்டார் வாசிக்கும் லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் காதலித்துப் பிரிந்தவர்கள். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்வீயும் கீபோர்டு வாசிக்கும் கிறிஸ்டீன் மெக்வீயும் விவாகரத்தில் நிற்கும் கணவன் மனைவி. டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட்டின் வீட்டிலும் அதே கதை. ஊர் இரண்டு படவில்லை, மூன்றாகப் பட்டது! கூத்தாடிகளே ஊர், ஊரே கூத்தாடி.

கிறிஸ்டீன் ஒரு காதல் பாட்டு எழுதுகிறார். குழுவின் விளக்கு ஏற்பாட்டாளர் மேல் வந்த புதுக் காதல். கணவர் கேட்கிறார், யாரைப் பற்றி இந்தப் பாட்டு? அம்மையார் அசராமல் சொன்ன பதில்: ‘என் நாயைப் பற்றி.’ (அரங்கில் சிரிப்பு.) இருங்கள், இன்னும் இருக்கிறது. அந்தப் பாட்டுக்கு பேஸ் வாசித்தது யார்? அந்தக் கணவரேதான்! மனைவியின் புதுக் காதலுக்கு அடித்தளம் போட்டது பழைய கணவரின் நான்கு தந்தி. அப்புறம் பக்கிங்ஹாம் ‘கோ யுவர் ஓன் வே’ எழுதுகிறார். அதில் தன்னைக் குத்தும் ஒரு வரியை எடுக்கச் சொல்லி நிக்ஸ் கேட்டார். அவர் எடுக்கவில்லை. விளைவு? அந்தப் பாட்டுக்கு மேடைதோறும் பின்குரல் கொடுத்தது நிக்ஸ்தான்.

நிக்ஸும் சும்மா இல்லை, ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ என்று ஒன்று எழுதினார், பக்கிங்ஹாமைப் பற்றித்தான். அதன் வெளியீட்டு உரிமையை, அதாவது பாட்டின் வரும்படியில் பங்கு தரும் உரிமையை, தன் அம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அங்கேதான் இடி விழுந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிடம்வரைதான் நன்றாகப் பதியும். அதற்கு மேல் திணித்தால் பள்ளக்கோடுகளை நெருக்க வேண்டும், கோடு நெருங்கினால் ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும், தாழ்ந்த பேஸ் ஒலி மெலிந்துவிடும். பாட்டு நீளம், இடம் இல்லை என்று வெளியே எடுத்துவிட்டு, நிக்ஸின் வேறொரு குட்டைப் பாட்டைப் போட்டார்கள். ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ எங்கே போனது? ‘கோ யுவர் ஓன் வே’ ஒற்றைத்தட்டின் பின்பக்கம். முன்னாள் காதலர் திட்டும் பாட்டு முன்பக்கம், இவர் பதில் சொல்லும் பாட்டு பின்பக்கம்.

இதன் கணக்கைப் பாருங்கள். பாட்டைத் தட்டில் பதிந்து விற்பதற்கு அன்று அமெரிக்கச் சட்டம் வகுத்த கட்டணம் ஒரு தட்டுக்கு, ஒரு பாட்டுக்கு 2 சென்ட். ஒப்பந்தத்தில் குறைப்பதும் உண்டு, முழுக் கட்டணமாகவே வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் தட்டு விற்றால் 20,000 டாலர், எழுதியவருக்கும் வெளியீட்டு உரிமையாளருக்கும் சேர்த்து. ‘ரூமர்ஸ்’ உலகெங்கும் 4 கோடிக்கு மேல் போன தொகுப்பு. உள்ளே இருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன வந்திருக்கும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் உரிமை எழுத்தில் இருந்தது. அதனால்தான் 1997-இல் குழு மறுபடி கூடி ‘தி டான்ஸ்’ நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் பாடியபோது, ஒதுக்கிய பாட்டுக்கு இருபது ஆண்டு கழித்து வரும்படி தேடி வந்தது. வாய்ப்பேச்சாக இருந்திருந்தால்?

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘பத்து நிமிடம்’ என்று இருக்கிறது. நன்றி ஐயா, பதினைந்து என்று படித்துக்கொள்கிறேன்.

இன்னொரு வழக்கு. புரூனோ மார்ஸின் ‘வென் ஐ வாஸ் யுவர் மேன்’, 2012. பூ வாங்கித் தரவில்லையே, கையைப் பிடிக்கவில்லையே, நடனத்துக்கு அழைத்துப் போகவில்லையே என்று புலம்பும் ஆண். ‘ஃப்ளவர்ஸ்’ அதற்குப் பதில் போல, எல்லாவற்றையும் நானே செய்துகொள்வேன் என்கிறது. எழுதியவர் நால்வர், ஒருவர் ஃபிலிப் லாரன்ஸ். அவருடைய பங்கை டெம்போ மியூசிக் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியிருந்தது. ‘ஃப்ளவர்ஸ்’ அந்தப் பாட்டின் நகல் என்று 2024 செப்டம்பரில் அந்த நிறுவனம் மைலி தரப்பின் மேல் லாஸ் ஏஞ்சலஸில் வழக்குப் போட்டது. புரூனோ மார்ஸ் இதில் வாதி அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒரு பங்கை வாங்கியவர் மட்டும் வழக்காட முடியாது என்று எதிர்த்தரப்பு சொன்னது. 2025 மார்ச்சில் நீதிபதி அதை ஏற்கவில்லை. நகல் எடுத்தார்களா என்பது வேறு கேள்வி, அதற்கு அன்று தீர்ப்பு இல்லை. நான்கில் ஒருவர் பங்குக்கு அத்தனை வலு இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. இதைத் தெரிந்துகொண்டும் பங்கை எழுதிவைக்காமல் ஸ்டுடியோவைப் பூட்டுகிறவர்களை என்ன சொல்ல?

ஆகவே பங்குத் தாள். பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி எல்லாரும் கையொப்பமிடும் தாள், ஆங்கிலத்தில் ஸ்பிளிட் ஷீட் என்பார்கள். அமெரிக்க நடைமுறைப்படியே சொல்கிறேன். பாட்டின் பெயர், தேதி. ஒவ்வொருவரின் சட்டப்பூர்வப் பெயர், அப்புறம் மேடைப் பெயர். மேடைப் பெயரை மட்டும் எழுதினால் உரிமைச் சங்கத்தின் பதிவோடு பொருந்தாது, பணம் உரியவர் தெரியாத கணக்கில் தூங்கும். எந்தச் சங்கம், ஆஸ்காப்பா பிஎம்ஐயா (பாட்டுக்கான பணத்தை வசூலித்துப் பிரித்துத் தரும் அமெரிக்கச் சங்கங்கள் இவை), உறுப்பினரை அடையாளம் காட்டும் ஐபிஐ எண், வெளியீட்டாளர் இருந்தால் அவர் பெயர். பிறகு விழுக்காடு. கூட்டினால் 100 வர வேண்டும். சிரிக்காதீர்கள், இதுதான் அதிகம் தவறுவது. தனித்தனியாகப் பதிவு செய்யும்போது ஒருவர் 50 என்பார், அடுத்தவர் 40, மூன்றாமவர் 30. மொத்தம் 120. சண்டை தீரும்வரை பணம் நிறுத்தி வைக்கப்படும். இன்னொரு குழி: பிஎம்ஐ எழுத்தாளர் பங்கு 100, வெளியீட்டாளர் பங்கு 100 என்று மொத்தம் 200-க்குக் கணக்கு வைக்கும். ஆஸ்காப் இரண்டையும் சேர்த்து 100 என்று வைக்கும். ஒரே பங்கு அங்கே 50, இங்கே 25 என்று தெரியும். ஏமாற்றிவிட்டான் என்று நண்பனை அடிக்கப் போகாதீர்கள்.

பின்னணி இசைத்தடம் செய்து தந்தவருக்குப் பாட்டில் பங்கா, ஒலிப்பதிவில் பங்கா, இரண்டிலுமா? அன்றே கேளுங்கள். சொல்லும் மெட்டும் சேர்ந்த பாட்டு வேறு, அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு வேறு. பாட்டுக்கு ஐஎஸ்டபிள்யூசி என்ற அடையாள எண், ஒலிப்பதிவுக்கு 12 எழுத்தெண் கொண்ட ஐஎஸ்ஆர்சி. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலி பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குத்தான் பணம், பாடியவருக்குக் கிடையாது. பெரிய பாடகர்கள் ஒரு சொல்லை மாற்றிவிட்டு எழுத்தில் பங்கு கேட்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? ‘ஃப்ளவர்ஸ்’ மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. 2023-இல் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு, பதிவிறக்கம் ஒன்றுக்குச் சட்டக் கட்டணம் 12 சென்ட். மூவர் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 4 சென்ட். நான்காமவர் நுழைந்தால் 3. அந்த ஒரு சென்ட்டுக்காக உடைந்த நட்புகளை வைத்தே பத்து பிரிவுப் பாட்டு எழுதலாம்.

பின்னால் ஒருவர் சேர்ந்தால் பழைய தாளில் இடைச்செருகக் கூடாது. புதுத் தாள், புதுத் தேதி, எல்லார் கையொப்பமும் மறுபடி. படம் எடுத்து ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்துக் கலைந்து போகும்போது கணக்குப் பேசுவது சங்கடமாக இருக்கிறது என்பார்கள். பாட்டு ஓடிய பிறகு பேசிப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கடம்.

வதந்தி பற்றியும் குளியலறை பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். இரண்டாவது சீட்டு வந்துவிட்டது, சிறப்பு விருந்தினருக்கு ரயில் இருக்கிறதாம். அதனால் தலைவரிடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். இன்றைய நிகழ்ச்சி நிரலில் பாடியவர் பெயர் மட்டும் அச்சாகியிருக்கிறது. அடுத்த கூடுகையில் எழுதியவர், மெட்டமைத்தவர் பெயரும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும், பங்குத் தாள் இணைக்காத புதுப்பாட்டைப் போட்டிக்கு ஏற்கக் கூடாது. தலையை ஆட்டுகிறார், அரங்கமே சாட்சி. படிவம் வாசல் பக்க மேசையில் இருக்கிறது. இரண்டு பக்கம். பின்பக்கத்தில் கையொப்பத்துக்குக் கீழே தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், நிரப்புங்கள். நன்றி, வணக்கம்.