பாடத்துக்காக இல்லாமல்

நேயர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்தவக் கல்விப் பணியில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன் என்பதால் கற்பிக்கிறவரின் சொந்த விசுவாசம், வழிகாட்டி, தேவ அழைப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். என் வேலை என்ன என்று கேட்பவர்களிடம் சொன்னால், ‘ஓ, பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்வதா?’ என்பார்கள். கதை சொல்வது அதில் கால் பங்குகூட இல்லை. ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் தேடுவது, வராத ஆசிரியருக்குப் பதில் ஆள் தேடுவது, பாடம் எழுதுவது, எழுதிய பாடத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒருவர் வகுப்புக்குள் நுழைவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது, அப்புறம் கூட்டங்கள். இத்தனைக்கும் நடுவில் சொந்த விசுவாசம் என்று ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு. அந்த ஞாயிறு பள்ளியை எனக்கு முன்னால் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு அம்மையார் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’தான். அவ்வப்போது என் வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். ஒரு நாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்: “பாடம் நல்லாத்தான் இருந்தது தம்பி. இந்த வாரம் பாடத்துக்காக இல்லாம என்ன வாசிச்சே?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த வாரம் நான் வேதாகமத்தை மூன்று மொழிபெயர்ப்புகளில் வாசித்திருந்தேன், விளக்கவுரை வேறு. எல்லாமே பாடத்துக்காக. வேதாகமத்தின் துதிப் பாடல்களான சங்கீதங்களில் ஒன்றைத் திறந்தால் போதும், மூன்று தலைப்பு, ஒரு மனப்பாட வசனம், ஒரு விளையாட்டு என்று கை தானாகக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடும். ஜெபமும் அப்படித்தான். கூட்டத்தின் தொடக்க ஜெபம், முடிவு ஜெபம் என்று ‘நாங்கள்’ போட்டே ஜெபித்துப் பழகியவனுக்கு, தனியாக உட்கார்ந்தால் ‘நான்’ என்று ஆரம்பிக்க வரவில்லை.

இந்தத் துறையில் இருப்பவர்களை மெல்ல மெல்லப் பிடிக்கும் நோய் இது. வெளியே தெரியாது, பாடங்கள் நன்றாகவே போகும்.

டீச்சர் புத்தகம் எதையும் பரிந்துரைக்கவில்லை. வாரத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகுமுன் கால் மணி நேரம் வா என்றார். ஒரு நிபந்தனை: பேனா கொண்டுவரக் கூடாது. ஒரு பத்தி வாசிப்போம். சில நாள் பேசுவோம், சில நாள் பேச மாட்டோம். முதல் சில வாரங்கள் எனக்குப் பெரிய அவஸ்தை. நல்ல எண்ணம் ஒன்று தோன்றும், எழுதி வைக்க முடியாது, போய்விடும். ‘போகட்டுமே, உனக்குன்னு வந்தது உனக்குள்ள இருக்கும்’ என்பார்.

அந்தக் காலைகளில் பாடப்புத்தகத்தில் இல்லாத வேறொன்றையும் பார்த்தேன். ஒரு முறை டீச்சரின் முகம் சரியில்லை. தன் தங்கையோடு பெரிய சண்டை என்றார். அடுத்த வாரம் கேட்டேன். தவறு தன் பக்கம்தான் என்று கடிதம் எழுதியதாகச் சொன்னார். பதில் வந்ததா என்றேன். ‘இன்னும் இல்லை’ என்றார். மன்னிப்பைப் பற்றி அதற்கு முன் நானே ஐந்து பாடங்கள் எழுதியிருந்தேன். அவற்றில் எல்லாக் கதைகளும் அரை மணி நேரத்துக்குள் சமாதானமாகி முடிந்துவிடும். பதில் வராத கடிதம் ஒன்றுகூட இல்லை.

வேதாகமத்தின் உபாகமம் என்ற புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தை எங்கள் துறையில் மேற்கோள் காட்டாத ஆள் கிடையாது. பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்கிற பகுதி. ஆனால் அதன் வரிசையைக் கவனியுங்கள். இந்த வார்த்தைகள் முதலில் உன் இருதயத்தில் இருக்க வேண்டும்; அதற்கு அடுத்த வசனத்தில்தான் பிள்ளைகள் வருகிறார்கள். எப்போது பேச வேண்டும்? வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. வகுப்பறை அந்தப் பட்டியலில் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு பாடத்திட்டம் எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் சங்கடமான வசனம்தான்.

சரி, ‘அழைப்பு’க்கு வருகிறேன். இந்தப் பணிக்கு வர விரும்பும் இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, தேவன் என்னை அழைக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான். சிறுவன் சாமுவேலின் கதையை எல்லோரும் அறிவோம். குரல் கேட்கிறது, ஒவ்வொரு முறையும் தான் பணிவிடை செய்யும் முதிய ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான். மூன்றாவது முறைதான் ஏலிக்கு உறைக்கிறது, பையனை அழைப்பது கர்த்தர் என்று. குரல் கேட்டவன் சாமுவேல். அது யாருடைய குரல் என்று புரிந்தது ஏலிக்கு. அந்த ஏலியும் யார்? கண் மங்கியவர், தன் மகன்களைக் கண்டிக்கத் தவறியவர் என்று வேதாகமமே சொல்கிறது. குறையே இல்லாத வழிகாட்டிக்காகக் காத்திருப்பவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன். டீச்சருக்கும் கோபம் வரும்; சரியான பிடிவாதம். எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வேதாகமத்தில் வரும் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியும் எனக்குப் பிடித்தவர்கள். கூடாரம் செய்யும் தொழிலாளிகள். அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளர் ஜெப ஆலயத்தில் பேசுவதைக் கேட்டு, அவர் போதனையில் ஒரு குறை இருப்பதைக் கண்டார்கள். எழுந்து நின்று அங்கேயே திருத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் தெளிவாக விளக்கினார்கள் என்கிறது ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகம். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்ட கேள்விக்கும் இதற்கும் உறவு உண்டு.

இன்னொரு கதை, சபைச் சரித்திரத்திலிருந்து. கி.பி. 400 வாக்கில் கார்த்தேஜ் நகரில் தேயோகிராத்தியாஸ் என்று ஒரு உதவிக்குரு இருந்தார். விசுவாசத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படைப் பாடம் சொல்வது அவர் வேலை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது. ஹிப்போ நகர ஆயரான அகஸ்டினுக்கு எழுதி முறையிட்டார். அகஸ்டின் ஒரு சிறு நூலையே பதிலாக எழுதி அனுப்பினார். அதில் அவர் முதலில் சொல்வது என்ன தெரியுமா? எனக்கும் என் பேச்சு பெரும்பாலும் பிடிப்பதில்லை என்பது. மேலை உலகின் மிகப் பெரிய கிறிஸ்தவப் போதகர்களில் ஒருவர், தன்னைவிடச் சிறியவருக்கு இதை ஒப்புக்கொள்கிறார். பிறகு அலுப்புக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்: நாம் பலமுறை பார்த்துச் சலித்த அழகான இடத்தை முதன்முறை பார்க்கும் நண்பருக்குக் காட்டும்போது, அவர் மகிழ்ச்சியில் நமக்கும் அது புதிதாகிறதல்லவா? பாடமும் அப்படித்தான், கேட்பவர்மேல் அன்பு இருந்தால். இதெல்லாம் போக, கேட்பவர் நின்று களைத்துப்போனால் உட்கார நாற்காலி கொடுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். இறையியலும் நாற்காலியும் ஒரே நூலில். ஆசிரியர் பயிற்சிக்கு இதைவிட நல்ல பழைய பாடத்தை நான் பார்க்கவில்லை.

ஆறாம் ஆண்டில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். இளைஞர் ஒருவர் தன்னார்வ ஆசிரியராக வந்தார். இரண்டு முறை சொல்லாமல் வராமல் போனார். மூன்றாவது முறை, மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில், இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் நோயாளி இருந்தது பிறகுதான் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பி வரவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று டீச்சரிடம் போனேன். ‘விடு’ என்பார் அல்லது ‘விடாதே’ என்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. மாற்குவைப் பற்றிப் பேசினார்.

ஆதிச் சபையின் ஊழியர்களான பவுலையும் பர்னபாவையும் ஊழியப் பயணத்தின் பாதி வழியில் விட்டுத் திரும்பிப் போனவன் மாற்கு. அடுத்த பயணத்துக்கு அவனைச் சேர்க்கவே கூடாது என்றார் பவுல். பர்னபா விடவில்லை. அதற்காகவே இரண்டு பேரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். பவுலின் கடைசிக் கடிதங்களில் ஒன்றில், மாற்குவை அழைத்து வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பயனுள்ளவன் என்று வருகிறது. டீச்சர் இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. “நீ இப்ப பவுல் மாதிரி நடந்துக்கிட்டே. அடுத்த தடவை பர்னபா மாதிரி நடந்து பாரு” என்றார். என்னை மாற்குவின் இடத்தில் வைத்துத் தேற்றுவார் என்று போனவன், பவுலின் இடத்தில் நின்று திரும்பினேன். இன்றுவரை ஒரு ஆசிரியரை நீக்குவதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒரு முறையாவது போய்விடுவேன். என் அலுவலகத்தில் எழுதாத விதி அது.

அழைப்பு ஒரே நாளில் வந்து விழுவதில்லை என்பதற்கு ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் நல்ல சாட்சி. பிரான்சில் 1651இல் பணக்காரக் குடும்பத்தில் பிறந்த குருவானவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க ஒருவருக்கு உதவப் போய், ஆசிரியர்களுக்குச் சாப்பாடு போடும் நிலைக்கு வந்து, கடைசியில் 1681இல் அவர்களைத் தன் வீட்டிலேயே குடிவைத்தார். அவர் உறவினர்களுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த ஆசிரியர்களைத் தன் வேலைக்காரனைவிடத் தாழ்வாக நினைத்திருந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதினார்; இது எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்பே தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்றும். ஒன்றிலிருந்து இன்னொன்றாகத் தேவன் தன்னைத் தெரியாமலே இழுத்துக்கொண்டார் என்பது அவர் கணக்கு. அவர் மரபில் வந்த பள்ளிகளில், தேவனுடைய சந்நிதியில் இருக்கிறோம் என்பதை நினைவுகூருவோம் என்று சொல்லி நிறுத்தும் வழக்கம் இன்றும் உண்டு. சில நொடிகள்தான். கூட்டத்துக்கு நடுவில் நானும் இதை முயன்று பார்த்திருக்கிறேன். கூட்டம் சுருங்கவில்லை, ஆனால் என் குரல் கொஞ்சம் தணிந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. வழிகாட்டுகிறேன் என்று தன் நகல்களை உருவாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே வேலை பார்ப்பது, யாரைத் திருமணம் செய்வது, எந்தச் சபைக்குப் போவது எல்லாவற்றுக்கும் அவர்கள் உத்தரவு வேண்டும். கேள்வி கேட்டால் கீழ்ப்படியாமை என்பார்கள். அப்படிப்பட்டவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், தயங்காதீர்கள். டீச்சர் எனக்காக ஒரு முடிவும் எடுத்ததில்லை. கேள்வி கேட்பார், பதிலுக்காகக் காத்திருப்பார், பதில் அவருக்குப் பிடிக்காவிட்டாலும் அடுத்த வாரம் கதவு திறந்திருக்கும்.

டீச்சர் இப்போது இல்லை. ஒரு வருடமாக ஒரு இளம்பெண் என்னிடம் வருகிறார், ஆசிரியர் பயிற்சிக்காக. கெட்டிக்காரி. பாடக்குறிப்பில் நான் கண்ட குறைகளைச் சொல்லி முடித்து, என் பழைய கேள்வியைக் கேட்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர், “அண்ணா, நீங்க இந்த வாரம் பாடத்துக்காக இல்லாம என்ன வாசிச்சீங்க?” என்றார். முன்பு எப்போதோ நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். இந்த உரையைத் தயாரிக்கும் வாரம் அது. உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வருகிற ஞாயிறு தன் முதல் வகுப்பு என்றார். நான் வந்து கடைசி வரிசையில் உட்காரலாமாம். பேனா மட்டும் கொண்டுவரக் கூடாதாம்.

வணக்கம்.